கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன்

நமது சங்க உறுப்பினர்களில் பழைய கார் வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். புதுக் காரின் விலை ஏறியிருக்கும் ஏற்றத்தில் இது இயல்புதான். பிள்ளைகளுக்குப் போச்சாரத்திலோ கச்சிபௌலியிலோ வேலை. இரண்டு பஸ் மாறிப் போய்வர நேரம் போதுவதில்லை. வீட்டுப் பெரியவர் தமது கிராஜுவிட்டியில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்து, ஏழெட்டு வருடம் ஓடிய வண்டி ஒன்றை வாங்கித் தருகிறார். மூன்றாம் மாதம் வண்டிக்கு அடியிலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் கிளம்புகிறது. பட்டறைக்குப் போனால் முதல் வார்த்தையே கியர்பாக்ஸ்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒருவருக்கு இதுதான் நடந்தது. வண்டி ஒரு வேகன் ஆர். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் உறுமல். பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் கராப் ஹோ கயா சாப்" என்று 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. அவர் அந்தச் சீட்டோடு என் வீட்டுக்கு வந்தார். நான் இரண்டே கேள்விகள் கேட்டேன். நியூட்ரலில் உருளவிட்டாலும் சத்தம் வருகிறதா? வருகிறது என்றார். இடது பக்கம் வளைத்தால்? கொஞ்சம் கூடுகிறது என்றார். வலது முன்சக்கரத்துப் பேரிங். வேறொரு மெக்கானிக்கிடம் 2,700 ரூபாயில் வேலை முடிந்தது.

நான் கார் மெக்கானிக் அல்ல. டி.எம்.இ. படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, மௌலா அலி டீசல் ஷெட்டில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆனால் சுழலுகிற பொருள் எதுவானாலும் அதன் நோய் முதலில் காதுக்குத்தான் தெரியும். ரயில்வேயில் 'ரோலிங் இன்' சோதனை என்று ஒன்று உண்டு. வண்டி ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே கேரேஜ் அண்ட் வாகன் பிரிவு ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று ஓடுகிற சக்கரங்களைக் கவனிப்பார்கள். தட்டை விழுந்த சக்கரம் 'தட் தட்' என்று தண்டவாளத்தை அடிக்கும். தொங்குகிற பாகம் உராயும். வண்டி நின்றதும் ஆக்ஸில் பாக்ஸில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார்கள். இப்போது அதற்குத் தொடாமலே சூடு காட்டும் கருவி வந்துவிட்டது. நின்றுவிட்ட வண்டி வாய் திறக்காது. கேட்க வேண்டியதை ஓடும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

காருக்கும் இதே வழிதான். சத்தம் கரகரவென்று இருக்கிறதா நறநறவென்று இருக்கிறதா என்று ஆராய்வதில் அதிகப் பயனில்லை. ஒருவருக்குக் கரகர, அடுத்தவருக்கு உம்ம்ம். எதை மாற்றினால் சத்தம் மாறுகிறது என்று பாருங்கள். மாற்றக்கூடியவை ஐந்தாறுதான்: எஞ்சின் வேகம், வண்டி வேகம், கிளட்ச், கியர், ஸ்டியரிங், பிரேக். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அரை மணி நேரத்தில் திருடன் எந்த வீட்டில் ஒளிந்திருக்கிறான் என்பது தெரிந்துவிடும்.

முதலில் வண்டியின் உடம்பைத் தெரிந்துகொள்வோம். அம்பாசடர் காலத்தில் எஞ்சின் முன்னால், ஓடுவது பின் சக்கரம். எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ், அதிலிருந்து நீண்ட புரொபல்லர் ஷாஃப்ட், பின்னால் 'கிரவுன் பினியன்' என்று நம் மெக்கானிக்குகள் சொல்லும் டிஃபரன்ஷியல், அதிலிருந்து இரண்டு ஆக்ஸில். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது இந்த வரிசை சுருங்கிப்போயிற்று. எஞ்சினைக் குறுக்கே வைத்து, கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து, முன் சக்கரங்களையே ஓட்டினார்கள். இங்கிலாந்தில் 1959-ல் வந்த மினி காரும் எஞ்சினைக் குறுக்கே வைத்து முன் சக்கரத்தை ஓட்டியதுதான். அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-ல் உற்பத்தி நின்றுவிட்டன. இப்போது பழைய கார் சந்தையில் கிடைக்கும் சிறு கார்கள் அநேகமாக முன் சக்கர ஓட்டம். ஆம்னி, ஈக்கோ, பொலேரோ போன்றவை பின் சக்கர ஓட்டம். வாங்கும் வண்டி எந்த ஜாதி என்று தெரியாமல் சத்தத்தைத் தேடுவது வீண்.

இனி சோதனை. வண்டி நிற்கட்டும், நியூட்ரலில் எஞ்சின் ஓடட்டும். கிளட்சை முழுவதும் மிதித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்துங்கள். கரகரப்பு எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்கினால், கியர்பாக்ஸை மறந்துவிடுங்கள். ஆல்டர்னேட்டர் பேரிங், வாட்டர் பம்ப் பேரிங், பெல்ட் டென்ஷனர் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை அந்தந்தப் பாகத்தின் உடம்பில் வைத்துப் பிடியைக் காதோரம் எலும்பில் வைத்தால் டாக்டரின் ஸ்டெதஸ்கோப்புக்குச் சமம். சுழலும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகே கையோ துண்டோ புடவைத் தலைப்போ போகக் கூடாது.

அடுத்தது கிளட்ச். நிற்கிற வண்டியில் கிளட்சை மிதித்தால் சத்தம் வந்து, விட்டால் போய்விடுகிறது என்றால் அது ரிலீஸ் பேரிங். இதற்கு நேர்மாறாக, கிளட்சை விட்டிருக்கும்போது சத்தம், மிதித்ததும் நின்றுவிடுகிறது என்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல் சந்தேகம் வைக்கலாம். ஏனென்றால் நியூட்ரலில் கிளட்ச் விட்டிருக்கும்போது அந்த ஷாஃப்ட் சுழல்கிறது, மிதித்ததும் நிற்கிறது. ஒரு எச்சரிக்கை: டீசல் வண்டிகளில் நியூட்ரலில் மெல்லிய 'கிளகிள' ஓசை ஒன்று வந்து கிளட்சை மிதித்ததும் மறையும். பல் சக்கரங்களுக்கிடையே உள்ள இடைவெளியில் எழும் ஆட்டம் அது. நோயல்ல.

கியர் மாற்றும் நொடியில் மட்டும் 'கிர்ர்' என்று பல் கடிக்கிற சத்தம் வேறு சங்கதி. அது பேரிங் அல்ல. ஒன்று, கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. அல்லது அந்தக் கியரின் சின்க்ரோமெஷ் தேய்ந்திருக்கிறது. இரண்டில் எது என்று ரிவர்ஸ் கியரே சொல்லிவிடும். பெரும்பாலான சிறு கார்களில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோமெஷ் கிடையாது. நின்ற வண்டியில் கிளட்சை மிதித்து, நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அமைதியாக விழுந்தால் கிளட்ச் சரி. கடித்தால் கிளட்ச் சரியாக விடவில்லை. கிளட்ச் கேபிளைச் சரிசெய்து தீருகிற வேலைக்குக் கியர்பாக்ஸை இறக்கியவர்கள் இருக்கிறார்கள்.

ரிவர்ஸில் போகும்போது 'உய்ய்ய்' என்று ஊளையிடுவதைக் கேட்டுப் பயந்து எனக்குப் போன் செய்பவர்களும் உண்டு. முன்னோக்கிய கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. ஒரு பல் மெல்ல ஏற, மற்றொன்று மெல்ல இறங்கும். ரிவர்ஸ் பற்கள் பெரும்பாலும் நேராக வெட்டப்பட்டவை; ஒவ்வொரு பல்லும் முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் மோதும். அந்த ஊளை அதன் பிறவிக் குரல்.

இனி சாலைக்குப் போவோம். காலை ஆறு மணிக்கு முன்பு, அகலமான, நேரான, ஆளில்லாத சாலை வேண்டும். கூட ஒருவர் இருப்பது நல்லது. ரேடியோ, ஏ.சி. நிறுத்திவிடவும். டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, ஸ்பானர், காலி வாட்டர் கேன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடவும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. டிஃபரன்ஷியல் சத்தம் என்று வந்த ஒரு வண்டியில் நான் கண்டுபிடித்தது ஸ்டெப்னிக்கு அடியில் உருண்டுகொண்டிருந்த ஒரு வீல் ஸ்பானரை.

ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்குப் போய், கிளட்சை மிதித்து நியூட்ரலில் விட்டு வண்டியை உருளவிடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எக்காரணத்தைக் கொண்டும் சாவியைத் திருப்பக் கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், பிரேக்குக்கு உதவும் வாக்குவமும் போய்விடும். இப்போது சத்தம் நின்றுவிட்டால் கோளாறு கியர்பாக்ஸ் பக்கமோ எஞ்சின் பக்கமோ இருக்கலாம். சத்தம் அப்படியே தொடர்ந்து, வேகம் குறையக் குறைய அதுவும் தாழ்ந்துகொண்டே வந்தால் காரணம் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒன்று: வீல் பேரிங், டயர், பிரேக் அல்லது டிஃபரன்ஷியல். 38,000 ரூபாய் எஸ்டிமேட் எழுதியவர் இந்த ஒரு சோதனையைச் செய்யவில்லை.

வீல் பேரிங்கா என்பதற்கு ஸ்டியரிங்கைக் கேளுங்கள். நாற்பது, ஐம்பது வேகத்தில் மெதுவாக இடமும் வலமும் வளைத்து ஓட்டுங்கள். இடது பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் வலது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது உறுமல் கூடினால் வலது பேரிங், வலப்புறம் வளையும்போது கூடினால் இடது பேரிங். பெரும்பாலும் இது பொய்க்காது. முன்னா பின்னா என்று தெரியாவிட்டால் ஒருவரைப் பின் சீட்டில் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். வேறு வழி ஒன்றும் உண்டு. மௌலா அலியில் ரயில்வே குவார்ட்டர்ஸின் நீண்ட மதிலை ஒட்டி, அந்தப் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் அந்தப் பக்கத்துச் சக்கரங்களின் ஓசை மட்டும் மதிலில் மோதித் திரும்பி வரும். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து மறு பக்கத்தையும் கேட்கலாம்.

டயரும் பேரிங்கும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் பேசும். அலை அலையாகத் தேய்ந்த டயர் அச்சாகப் பேரிங் போலவே உறுமும். பிரித்தறிய எளிய வழி, சாலையை மாற்றுவது. சிமென்ட் சாலையிலிருந்து தார்ச் சாலைக்கு இறங்கும்போது டயரின் குரல் மாறிவிடும், பேரிங் மாறாது. இன்னும் சந்தேகம் என்றால் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் இடம் மாறினால் டயர்தான். உள்ளங்கையால் டயரின் மேற்பரப்பைத் தடவினாலே மேடு பள்ளம் தெரியும். முதலில் கம்பி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் இரும்போடு இரும்பு உரசினால் பேட் தேய்ந்து தகடு டிஸ்கைத் தொடுகிறது. அன்றைக்கே மாற்ற வேண்டும். மிதிக்காமலே திடீரென்று 'கிறீச்' என்று காதைக் கிழித்தால் டிஸ்குக்கும் பின்தகட்டுக்கும் இடையே கூழாங்கல் ஒன்று சிக்கியிருக்கலாம். நம் ஊர் சாலைகளில் இது சகஜம். கல்லை எடுத்துவிட்டால் ஆயிற்று, செலவு பூஜ்யம்.

முன் சக்கர ஓட்ட வண்டிகளில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, மெதுவாக வட்டமடித்தால் 'கடக் கடக்' என்று வருவது சி.வி. ஜாயின்ட். சக்கரம் திரும்பிக்கொண்டே சுழலவும் வேண்டுமே, அதற்காக உள்ளே ஆறு குண்டுகள் வைத்த மூட்டு அது. அதன் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறித்து, மண் உள்ளே போய், மூட்டு அரைபடும். குனிந்து பார்த்தாலே சக்கரத்தின் உட்பக்கம் கருப்பாகக் கிரீஸ் தெறித்திருப்பது தெரியும். சத்தம் வருமுன் உறை மட்டும் கிழிந்த நிலையில் பிடித்துவிட்டால் உறையும் கிரீஸும் மாற்றினால் போதும். சத்தம் வந்த பிறகு ஜாயின்ட்டையே மாற்ற வேண்டும்.

பின் சக்கர ஓட்ட வண்டிகளில் இன்னும் இரண்டு இடங்கள். முன்னுக்குப் போய் நின்று ரிவர்ஸ் போட்டுக் கிளட்சை விடும்போது அடியில் 'டங்க்' என்று ஒரு அடி விழுந்தால் புரொபல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட்டைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு குரலிலும் விட்டால் வேறு குரலிலும் பின்பக்கம் முனகினால் கிரவுன் பினியன். பழைய நாலு கியர் வண்டிகளில் ஒரு நல்ல அடையாளம்: முதல் மூன்று கியரிலும் உறுமிவிட்டு டாப் கியரில் அடங்கிவிட்டால், கியர்பாக்ஸின் கீழ் ஷாஃப்ட் பேரிங் போயிருக்கிறது. டாப்பில் சக்தி கீழ் ஷாஃப்ட் வழியாகச் செல்லாமல் நேராகவே போய்விடுவதால் அதன் மேல் பாரம் இல்லை. முன் சக்கர ஓட்ட வண்டிகளில் நேர் கியர் என்பதே கிடையாது. ஆகவே இந்த அடையாளத்தை அங்கே கொண்டுபோய்ப் பொருத்தக் கூடாது.

டீசல் ஷெட்டில் இருந்தவன் என்பதால் ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினில் டிராக்ஷன் மோட்டாரின் சிறு சக்கரத்துக்குப் பல் 18, ஆக்ஸிலின் பெரிய சக்கரத்துக்கு 65. பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் சிறியது மூன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். ஆகவே சிறியதில் பல் உடைந்தால் அடி அடிக்கடி விழும், பெரியதில் உடைந்தால் சுற்றுக்கு ஒன்று விழும். காரிலும் அப்படித்தான். விட்டுவிட்டு 'டக்' என்று அடிக்கும் சத்தமானால் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒருவரை வண்டியை நடை வேகத்தில் ஓட்டச் சொல்லி, நீங்கள் சற்றுத் தள்ளிக் கூடவே நடந்து எண்ணுங்கள். கோடு ஒரு சுற்று வர ஒரு அடி என்றால் சக்கரம் அல்லது கிரவுன் சக்கரம். நாலு அடி என்றால் பினியன். காசு செலவில்லாத கருவி, சாக்பீஸ்.

பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதிகம் பிரேக் போடாமல் நிறுத்தி, நாலு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். மூன்று ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தச் சக்கரத்தில் பேரிங் அல்லது பிரேக் பிடித்திருக்கிறது. அந்த வண்டியோடு அவுட்டர் ரிங் ரோட்டில் ஏற வேண்டாம். உறுமுகிற பேரிங் மாதக்கணக்கில் உறுமிக்கொண்டே ஓடும் என்பது உண்மைதான். ஆனால் என்றைக்கு இறுகும் என்று அது முன்கூட்டித் தந்தி அடிக்காது.

ஜாக்கியில் தூக்கிப் பார்க்கும்போது வண்டிக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே கை நீட்ட வேண்டும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. ஒரு கையைச் சுருள்வில்லில் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினால், கெட்ட பேரிங் மணல் அரைபடுவது போல விரலுக்குத் தெரியும். தூக்கிய நிலையில் எஞ்சினைப் போட்டுச் சக்கரத்தை ஓட்டிக் காட்டும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஒரு சக்கரம் மட்டும் தூக்கப்பட்டிருந்தால் ஸ்பீடோமீட்டர் காட்டுவதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் அது சுழலும். தொங்கும் நிலையில் சி.வி. ஜாயின்ட் கோணலாக நிற்பதால் இல்லாத சத்தமும் வரும். அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கிளட்ச் பெடல் இல்லாத ஏ.எம்.டி. வண்டிகளில் (2014-ல் செலெரியோவோடு இங்கே பரவியது) உள்ளே இருப்பது அதே சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை இயந்திரம் மிதிக்கிறது. கிளட்ச் சோதனைகளை அதில் நாம் செய்ய முடியாது, சக்கரப் பக்கத்துச் சோதனைகள் அனைத்தும் பொருந்தும்.

கடைசியாக ஆயில். வாங்கும் முன் கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வடிகால் மரையின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயற்கையான தேய்மானம். பளபளக்கும் செதில்களோ ஊசித் துண்டுகளோ இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிடலாம். ஆயில் தார் போல வழக்கத்துக்கு மீறிக் கெட்டியாக இருந்தால், சத்தத்தை அமுக்க யாரோ ஊற்றியிருக்கிறார்கள். மரத்தூள் கலந்து சத்தத்தை அடக்குவது அந்தக் காலத்து வித்தை; கெட்டி ஆயில் இந்தக் காலத்து வித்தை.

இன்னொரு நிறம் உண்டு. சங்க நண்பர் ஒருவரின் மகளுக்காகப் பார்த்த வண்டியில் அதைக் கண்டேன். விலை மலிவு, பெயின்ட் புதிது, உள்ளே வாசனைத் திரவியம் அடித்திருந்தது. உருளவிட்டபோது நாலு பக்கமும் மெல்லிய கரகரப்பு. டயர் சத்தம் என்றார் விற்பவர். ஒரு பேரிங் போவது வயது. நாலும் ஒன்றாகப் போவதற்கு வேறு காரணம் வேண்டும். கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கச் சொன்னேன். பால் விட்ட காபி நிறத்தில் வந்தது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. கியர்பாக்ஸுக்கு மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. சூடான பெட்டி தண்ணீரில் அமிழ்ந்து குளிரும்போது அதன் வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பேரிங்குகளிலும் கிரீஸோடு சேறு கலந்து துருப் பிடிக்கும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2020 அக்டோபரில் நம் ஹைதராபாத்திலும், 2023 டிசம்பரில் மீண்டும் சென்னையிலும் எத்தனை கார்கள் மூழ்கின என்று நாம் பார்த்தோம். அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊர்ச் சந்தைக்குப் போகின்றன. நண்பர் கொடுத்த முன்பணம் 10,000 ரூபாய் திரும்பவில்லை. ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தப் பெண் மட்டும் ஒரு நாள் வந்து, மூச்சுக்குழாய் எங்கே இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.

வண்டி பார்க்க வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மௌலா அலிக்கு வந்துவிடலாம். ஏழு மணிக்கு மேல் ஆட்டோக்கள் கிளம்பிவிட்டால் மதிலில் நம் வண்டியின் சத்தம் கேட்காது. டயரில் காற்று சரியாக அடித்து, டிக்கியைக் காலி செய்துகொண்டு வரவும். சாக்பீஸ் என்னிடம் இருக்கிறது.